மொய்த்தட்டில் விழுந்த மூவாயிரம்

அக்டோபர் 14, திங்கள்

இன்று ஒரு சின்னத் தவறு. சனிக்கிழமை நடந்ததை அன்றே எழுதாமல் இரண்டு நாள் தள்ளி இப்போது எழுதுகிறேன். மாலை வகுப்பில் கணக்குப்பதிவு படிக்கும் எங்களுக்கு முதல் நாளே சொன்னது இது: அன்றன்று எழுதுங்கள். செய்தது, விட்டது, நாளை செய்ய வேண்டியது. தள்ளிப்போட்டால் மனம் தனக்கு வசதியாகத் திருத்திக்கொள்ளும். என் மனம் ஏற்கெனவே திருத்த ஆரம்பித்துவிட்டதோ என்று சந்தேகமாக இருக்கிறது. ஆகவே நடந்த வரிசையிலேயே எழுதிப் பார்க்கிறேன்.

சனிக்கிழமை ராடு அண்ணனுக்குக் கல்யாணம். அம்மாவின் அக்கா ஸினோவியா பெரியம்மாவின் ஒரே மகன் அவன். சொரோக்கா நகரத்தில் ஆற்றோரத்து மண்டபம், இருநூறு பேர். மண்டபத்துப் பாக்கியைக் கட்டுவதற்காகப் பந்தெலெய் பெரியப்பா என் அம்மாவிடம் மூவாயிரம் யூரோ கடன் கேட்டிருந்தார். அக்ரூட் விற்றதும், கிறிஸ்துமஸுக்குள், திருப்பித் தருவதாகப் பேச்சு.

அம்மா இத்தாலியில், பதுவாவில், ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள். போய் ஏழு வருடம் ஆகிறது. நடுவில் ஒருமுறை வேலையை விட்டுவிட்டு வந்தாள். கொண்டுவந்த காசு பனி உருகுவதற்குள் கரைந்துவிட்டது; மறுபடி வண்டி ஏறினாள். அதற்குப் பிறகு தனக்கென்று ஒரு விதி வைத்துக்கொண்டாள்: ஆறு மாதம் தாங்கும் பணம் கையில் இல்லாமல் ஊருக்குத் திரும்புவதில்லை. இந்த மூவாயிரம்தான் அந்த ஆறு மாதம். கிறிஸ்துமஸுக்கு அது திரும்பி வந்தால் அவளும் வருவாள்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் தொலைபேசியில் சொன்னாள்.

"எங்க அக்காதான். இருந்தாலும் எழுதி வாங்கிக்கோ."

"கூடப் பொறந்தவங்ககிட்ட எப்படிம்மா சீட்டு கேக்கறது?"

"கூடப் பொறந்தவங்கறதாலதான் கேக்கணும். வெளி ஆளுன்னா சண்டை போட்டுட்டுப் பேசாம இருந்துடலாம். அக்காவோட சண்டை போட்டுட்டு நான் எங்க போவேன்?"

கடன் சீட்டின் மாதிரி ஒன்றை அன்று இரவே எழுதித் தயாராக வைத்தேன். வாங்குபவர் பெயர், அடையாள அட்டை எண், தொகை எண்ணிலும் எழுத்திலும், திருப்பித் தரும் தேதி, கையெழுத்து. தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தேன்.

பணம், இத்தாலிக்கும் எங்கள் ஊருக்கும் ஆளும் பொருளும் ஏற்றி ஓட்டும் க்ரீஷாவின் வேனில் வரவேண்டும். வியாழனன்று வரவேண்டிய வேன் ஹங்கேரி எல்லையில் நின்றுபோய் சனிக்கிழமை சாயங்காலம்தான் சொரோக்காவுக்கு வந்தது. கல்யாணச் செருப்போடு பஸ் நிலையத்துக்கு ஓடினேன். க்ரீஷா இரண்டு உறைகளைக் கொடுத்தார். ஒன்றில் மணமக்களுக்கு நூறு யூரோ மொய்யும் தடிமனான ஒரு வாழ்த்து அட்டையும். மற்றொன்றில் கடன். கையில் இரண்டும் ஒரே கனம். மொய்யைப் பையின் இடது பக்கமும் கடனை வலது பக்கமும் வைத்தேன். மனதில் குறித்தும் வைத்தேன். வழியில் தோள் வலித்து, பையை மறுபுறம் திருப்பி மாட்டிக்கொண்டேன்.

நான் உள்ளே நுழைந்தபோது விளக்கைக் குறைத்திருந்தார்கள். மணமக்களின் ஞானத்தாய் மொய்த்தட்டோடு எங்கள் மேஜைக்கு வந்துவிட்டாள். பின்னால் மொய் கூவுகிறவர், அவருக்குப் பின்னால் வாத்தியக்காரர்கள். இடது பக்கம் கைவிட்டு எடுத்துத் தட்டில் வைத்தேன். கூவுகிறவர் உறையைப் பிரித்தார், எண்ணினார், ஒருமுறை நிறுத்தி மறுபடி எண்ணினார்.

"பதுவாவிலிருந்து மாப்பிள்ளையோட சித்தி, அவுரிக்கா! மூவாயிரம் யூரோ!"

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. வாத்தியம் வெடித்தது. பெண்ணின் அப்பா மேஜைகளைத் தாண்டி வந்து பெரியப்பாவைக் கட்டிக்கொண்டார். பெரியப்பா என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் எல்லோரும் கை கோத்து ஆட ஆரம்பித்துவிட்டார்கள். என் கையையும் யாரோ பிடித்து இழுத்துக்கொண்டார்கள்.

விட்டது: அன்றே பெரியப்பாவிடம் பேசாதது. அம்மாவிடம் இன்னும் சொல்லாதது.

நாளை: நான் வேலை பார்க்கும் விதைக்கடையில் புதன்கிழமைக்கு அரை நாள் விடுப்பு கேட்க வேண்டும்.


அக்டோபர் 16, புதன்

மதியம் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் உட்கார்ந்து அக்ரூட்டின் பச்சைத் தோலை உரித்துக்கொண்டிருந்தார். விரல்கள் கறுத்திருந்தன.

"வாடியம்மா, பதுவாக்காரி மகளே. ஸினோவியா, இவளுக்கு சர்மாலே எடுத்து வை. கல்யாணத்துல மிஞ்சினது இன்னும் மூணு சட்டி கெடக்கு. நாய்கூட இப்ப முகத்தைத் திருப்பிக்குது."

பெரியம்மா முட்டைக்கோஸ் இலைப் பொதிகளை ஒரு தட்டு நிறைய கொண்டுவந்து வைத்தாள். நான் இரண்டு சாப்பிட்டேன். சாப்பிடாமல் பேசியிருக்க வேண்டும். சாப்பிட்ட வாயால் கடனைக் கேட்பது கஷ்டமாக இருந்தது.

"பெரியப்பா, அந்தப் பணம். நூறுதான் மொய். நான் உறையை மாத்தி வெச்சுட்டேன். மூவாயிரம் உங்களுக்குன்னு அம்மா அனுப்பின கடன்."

"தெரியும்."

ஒரு காயை உரித்து முடித்தார்.

"தெரியாம இருக்குமா? ஆனா என் கைக்கு வந்துச்சா? தட்டுக்கு வந்துச்சு. தட்டு பிள்ளைங்களோடது."

"மண்டபத்துக்குக் கட்டினது அந்தத் தட்டுலேருந்துதானே?"

"தட்டுலேருந்துதான். அது உங்கம்மா காசா, இல்ல என் பங்காளி காசா? பீப்பாயில ஊத்தினப்புறம் எது எவன் தோட்டத்துத் திராட்சைன்னு எப்படிச் சொல்றது?"

"பிள்ளைகிட்ட ஏன் இப்படிப் பேசற?" என்றாள் பெரியம்மா.

"உள்ளதைத்தானே சொல்றேன். சம்பந்தி ஊர் முழுக்கச் சொல்லிட்டுத் திரியறான். அவன் பக்கத்துப் பெரிய மொய்யே ஐநூறு. எங்க பக்கம் மூவாயிரம். இப்ப நான் சீட்டு எழுதினா, காசு கடன் வாங்கி அதுக்குக் கைதட்டலும் வாங்கினான் பந்தெலெய்னு ஆயிடும்."

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் பெரியப்பா."

"நீ சொல்ல மாட்ட. காகிதம் சும்மா இருக்காது." பிறகு சிரித்தார். "அந்தக் காசு எங்கயும் போகல, பொண்ணே. மொய்தானே? உன் கல்யாணத்துல ராடு மூவாயிரமா திருப்பி வைப்பான். நீ சீக்கிரம் ஒருத்தனைப் புடி. அந்த ராத்திரிப் பள்ளிக்கூடத்துல எவனுமே இல்லையா? கண்ணாடி போட்டவனாவது?"

"இருக்கான். அவனுக்கு நாற்பத்தெட்டு வயசு, மூணு பிள்ளைங்க."

"அப்ப மொய் நிறைய வரும்."

பெரியம்மா சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நானும் சிரித்தேன். சிரித்ததும் தவறு என்று திரும்பி பஸ் ஏறிய பிறகு தோன்றியது. சீட்டு பையிலேயே இருந்தது. வெளியே எடுக்கவே இல்லை.

வாசல்கதவு வரை பெரியம்மா வந்தாள். ஒரு பை அக்ரூட் கொடுத்தாள்.

"இது கடனுக்கு இல்லடி. சும்மா." பிறகு மெதுவாக, "காசு வந்தாத்தானே அவ வருவா?" என்றாள்.

"ஆமா பெரியம்மா."

"எனக்கும் அவளைப் பாக்கணும்டி. போன்ல அவ முகம் ஒரு தீப்பெட்டி அளவுதான் தெரியுது. குரல்தான் அவ குரல்." உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "இவரை நான் என்னன்னு சொல்றது? அன்னைக்குச் சம்பந்தி வந்து கட்டிக்கிட்டதுலேருந்து மனுஷன் ஒரு ஜாண் கூடுதலா உசந்து நடக்கறாரு."

இதில் யார்மேல் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை. பெரியப்பா பொய் சொல்லவில்லை. பணம் அவர் கைக்கு வரவில்லை என்பது உண்மை. அதை வராமல் செய்தது நான்.

நாளை: மாலை வகுப்பு. அதற்கு முன் அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும்.


அக்டோபர் 18, வெள்ளி

நேற்று அம்மாவிடம் சொல்லவில்லை. இன்று நான் சொல்வதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கல்யாண வீடியோ காலையில் எல்லோருடைய தொலைபேசிக்கும் வந்திருக்கிறது. கிழவி மதியம் தூங்கும் இரண்டு மணி நேரத்தில் அம்மா மூன்று தடவை பார்த்திருக்கிறாள். நான்காவது தடவை பார்த்துக்கொண்டே என்னைக் கூப்பிட்டாள்.

"நீலத் துணி கட்டினது ஸினோவியாதானே? எவ்வளவு பருத்துட்டா. ஆனா ஆடும்போது அதே மாதிரி வலது தோளைத் தூக்கறா பாரு. சின்னதுலேருந்து அப்படித்தான். அப்பா திட்டுவாரு. நீ ஏன் ஓரமா நிக்கற? செருப்பு கடிக்குதா?"

"ஆமா."

"எனக்குத் தெரியும். இரு, இரு. இங்க வருது."

அவள் பக்கத்திலிருந்து கூவுகிறவரின் குரல் கேட்டது. அம்மாவின் பெயர், தொகை, கைதட்டல், வாத்தியம். அம்மா அதை நிறுத்திப் பின்னுக்குத் தள்ளி மறுபடி ஓடவிட்டாள்.

"முழுப் பேரையும் சொல்றான் பாரு. இங்க எனக்கு முன்னாடி இருந்தவ பேரு மரியா. கிழவிக்குப் பழகிப்போச்சு, என்னையும் மரியான்னுதான் கூப்பிடறா. அவங்க மகனும் அப்படியே. நான் திருத்தறதையே விட்டுட்டேன்."

பிறகு வீடியோவை அந்த இடத்திலேயே நிறுத்தினாள்.

"இது நான் மொய்க்கு வெச்ச உறை இல்லையே, மார்ச்செலா."

எல்லாவற்றையும் சொன்னேன். பையின் பக்கம் மாறியது, பெரியப்பா சொன்னது, சர்மாலே சாப்பிட்டது.

"சீட்டு?"

"இல்லம்மா."

"சரி."

"திட்டும்மா."

"இங்கேருந்து எப்படித் திட்டறது? பக்கத்துல இருந்தாத்தான் திட்ட முடியும். இங்கேருந்து திட்டிட்டு போனை வெச்சா, நீ சாப்பிட்டியா இல்லையான்னு ராத்திரி முழுக்க யோசிச்சுக்கிட்டுக் கிடப்பேன்."

கிழவியின் மகன் கேட்டிருக்கிறானாம்: ஜூன் வரை இருப்பதானால் உறுதியாகச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் கிறிஸ்துமஸுக்குள் வேறு ஆளைத் தேட வேண்டும். ஞாயிறு மதியத்துக்குள் பதில். போன வாரம் வரை அம்மாவிடம் ஒரே பதில்தான் இருந்தது. இப்போது என்ன சொல்லப் போகிறாள் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. உள்ளே யாரோ "மரியா" என்று கூப்பிட்டார்கள். போய்விட்டாள்.

அம்மாவின் அறைக் கதவைத் திறந்து பார்த்தேன். கிறிஸ்துமஸுக்கென்று போன மாதமே ஜன்னல் துணியைத் துவைத்து மாட்டியிருந்தேன். கொஞ்ச நேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

பணம் யார் கைக்கு வந்தது என்று யோசித்தால், ராடு அண்ணன் கைக்கும் அண்ணி ஒலேசியா கைக்கும்தான். இதைத் திங்கட்கிழமையே யோசித்திருக்க வேண்டும். புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் வீட்டுக் கதவைத் தட்டக் கூச்சமாக இருந்தது.

நாளை: கடை முடிந்ததும் அவர்களிடம் போக வேண்டும். வாழ்த்து அட்டையும் நூறு யூரோவும் இன்னும் என்னிடம்தான் இருக்கின்றன. அதைக் கொடுக்கும் சாக்கில் போகலாம்.


அக்டோபர் 19, சனி

டயர் கடைக்கு மேலே ஒரு அறை. ராடு அண்ணன் கதவைத் திறந்தான். என்னைப் பார்த்ததும் எதற்கு வந்திருக்கிறேன் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஒலேசியா அண்ணி அடுப்பில் சோள மாவு கிண்டிக்கொண்டிருந்தாள். உறையைக் கொடுத்தேன்.

"இதுதான் அம்மாவோட மொய். நூறு. தட்டுல போனது பெரியப்பாவுக்கு வந்த கடன். நான் மாத்தி வெச்சுட்டேன்."

அண்ணி கரண்டியை வைத்துவிட்டு அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் அன்னைக்கே கேட்டேனா இல்லையா? மூவாயிரம் மொய் எந்தச் சித்தி வைப்பான்னு கேட்டேனா?"

"சித்திக்கு மனசு பெருசுன்னு அப்பா சொன்னாரு."

"மனசு பெருசுதான். சம்பளமும் பெருசாயிடுச்சா?"

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து தலையைச் சொறிந்தான். மண்டபத்துப் பாக்கி போக மீந்த மொய்ப்பணத்தில் பெரும்பகுதியைத் திங்கட்கிழமையே ஒரு வீட்டுக்கு முன்பணமாகக் கட்டிவிட்டார்கள். திரும்ப வாங்க முடியாது. அண்ணி அலமாரியைத் திறந்து துணிக்கடியிலிருந்து எண்ணூறு யூரோ எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"மிச்சம் இவ்வளவுதான். எடுத்துக்கோ. பாக்கிக்கு நான் எழுதித் தரேன். வாங்கினது நான், மாமனார் இல்ல. ஆனா அவருக்கு இது தெரியக் கூடாது. வீடியோவும் அப்படியே இருக்கட்டும். எங்க அப்பாவையும் எனக்குத் தெரியும். மூவாயிரம் இல்லன்னு ஆச்சுன்னா அடுத்த முப்பது வருஷத்துக்குக் குத்திக்காட்டுவாரு."

சீட்டின் மாதிரியை வெளியே எடுத்தேன். வாங்குபவர் பெயரையும் தொகையையும் மாற்றச் சொல்லி அவளையே கையால் எழுதச் சொன்னேன். இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றேன். ஒருவர் விலகிப் போனாலும் மற்றவர் பொறுப்பு.

"கல்யாணமாகி ஒரு வாரம்தான் ஆகுது," என்றான் அண்ணன். "அதுக்குள்ள விலகறதைப் பத்திப் பேசற."

"பேசட்டும் விடு. பேசினாத்தான் பயம் இருக்கும்," என்று அண்ணி எழுதிக்கொண்டே சொன்னாள். இரண்டாயிரத்து இருநூறு யூரோ, எண்ணிலும் எழுத்திலும். பிறகு பேனாவை நிறுத்தினாள். "தேதி?"

"கிறிஸ்துமஸ்னு போடுங்க அண்ணி."

அவள் மனதுக்குள் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. தன் சம்பளம், அவன் வெல்டிங் பட்டறைச் சம்பளம், இந்த அறையின் வாடகை.

"கிறிஸ்துமஸ்னு எழுதினா பொய் எழுதினதா ஆயிடும். பொய்த் தேதி போட்ட சீட்டை வெச்சு நீ என்ன பண்ணுவ? ஜனவரியில இவரை ஜெர்மனிக்குக் கூப்பிட்டிருக்காங்க. போகலாமா வேண்டாமான்னு பேசிக்கிட்டிருந்தோம். போனா ஏப்ரல்ல முழுசா தரலாம்."

"மூணு மாசம்தானே," என்றான் அண்ணன். அவளைப் பார்த்துச் சொன்னான், என்னைப் பார்த்து அல்ல. அண்ணி எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். அம்மாவும் முதல் தடவை மூன்று மாதம் என்றுதான் சொல்லிவிட்டுப் போனாள். அதை நான் அங்கே சொல்லவில்லை.

பேனா காத்திருந்தது. நான் கிறிஸ்துமஸ் என்று பிடிவாதம் பிடித்திருந்தால் அண்ணி எழுதிக் கொடுத்திருப்பாளோ என்னவோ. ஆனால் அது நடக்காது என்று மூன்று பேருக்கும் தெரியும். தெரிந்தே அதை வாங்கிக்கொண்டு போய், வந்துவிடு என்று அம்மாவிடம் எப்படிச் சொல்வேன்? பனி உருகும்போது அவள் மறுபடி வண்டி ஏறுவதைப் பார்ப்பேனா?

"ஏப்ரல் பதினைந்து," என்றேன்.

அண்ணி எழுதினாள். அம்மா எப்போது வீட்டுக்கு வருவாள் என்பதை நானே சொல்லி எழுதி வாங்கிக்கொண்டேன். எங்கேயும் பிழை இல்லாத சீட்டு. இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். இரண்டு கையெழுத்தும் தெளிவாக இருந்தன. அண்ணி என்னைச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். இந்த முறை எல்லாம் முடிந்த பிறகு சாப்பிட்டேன்.

எட்டு மணிக்கு அம்மாவைக் கூப்பிட்டேன். எண்ணூறு கையில், மீதிக்குச் சீட்டு, தேதி இது என்று வரிசையாகச் சொன்னேன்.

"ஏப்ரல் பதினஞ்சு," என்றாள். "ஈஸ்டர் எப்போ வருது?"

"இருபது."

மாதங்களை முணுமுணுத்து எண்ணினாள். பிறகு, "அப்ப ஜூன் இல்ல, ஏப்ரல் வரைக்கும்தான்னு நாளைக்குக் கிழவியோட மகன்கிட்ட சொல்லிடறேன்," என்றாள்.

"அவன் ஒத்துக்கலேன்னா?"

"வேற கிழவி கிடைப்பா. பதுவாவுல கிழவிங்களுக்கு என்ன பஞ்சம்."

"கிறிஸ்துமஸுக்கு நீ வருவேன்னு நினைச்சேம்மா."

"நானும்தான் நினைச்சேன், கண்ணு. இங்க யாரோடவும் பேசாம ராத்திரி படுத்துக்கிட்டு, எந்த வாசல் வழியா உள்ள வரது, முதல்ல எதைத் தொடறதுன்னுகூட யோசிச்சு வெச்சிருந்தேன்." பிறகு பேச்சை மாற்றினாள். "அந்தப் பொண்ணு நல்லவளா இருக்கா. தானா எழுதிக் குடுத்திருக்கா பாரு. சீட்டு விஷயம் அக்காவுக்குத் தெரிய வேண்டாம்."

"பெரியம்மா யாருக்கும் சொல்ல மாட்டாங்க."

"சொல்ல மாட்டா. அதுக்காக இல்ல. கடன்னு அவளுக்குத் தெரியும், ஆனா சீட்டுன்னு ஒண்ணு இல்லாத வரைக்கும் அது மொய்தான். அந்த மண்டபத்துல அத்தனை பேரும் எழுந்து நின்னாங்க. இந்த ஒரு குளிர்காலம் நான் மூவாயிரம் மொய் வெச்ச தங்கச்சியாவே இருந்துட்டுப் போறேன்."

சரி என்றேன். வைக்கும்போது, தூங்குவதற்கு முன் இன்னொரு தடவை வீடியோ பார்க்கப் போவதாகச் சொன்னாள். நானும் பார்த்தேன். கூட்டம் எழுந்து நிற்கும் இடத்தில் பெரியம்மா கைதட்டாமல் கதவுப் பக்கம் திரும்பிப் பார்க்கிறாள். யாரோ உள்ளே வரப்போவது போல.

செய்தது: எண்ணூறு யூரோ, சீட்டு ஒன்று. விட்டது: ஒன்றும் இல்லை என்று எழுதலாம் என்று நினைக்கிறேன். நிச்சயமில்லை.

நாளை, ஞாயிறு: சீட்டைப் பார்த்துக் கையால் ஒரு நகல் எழுத வேண்டும். அம்மாவின் குளிர்காலப் பூட்ஸ் மேல் அலமாரியில் இருக்கிறது. இறக்கித் துடைத்து, நகலோடு சேர்த்துக் கட்டி, ஒன்பது மணிக்குள் க்ரீஷாவின் வேனில் ஏற்ற வேண்டும்.